காத்திருக்கத் தெரிந்த நிரல்

சென்ற அத்தியாயத்தில் ஒரே ஒரு கோப்பை இறக்கிப் பார்த்தோம். லிப்கர்ல் நூலகத்தின் ஈஸி ஹேண்டில் ஒன்றை உருவாக்கினோம், முகவரியைக் கொடுத்தோம், கர்ல்_ஈஸி_பெர்ஃபார்மை அழைத்தோம். கோப்பு முழுவதும் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த ஃபங்ஷன் திரும்பியது. ஒரு கோப்புக்கு இதைவிட எளிய வழி வேண்டாம். நானூறு கோப்பு என்றால்?

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். நம்மிடமிருந்து சர்வருக்கு ஒரு தகவல் போய்ப் பதில் திரும்ப 150 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசிபி இணைப்பு ஏற்பட ஒரு சுற்று, டிஎல்எஸ் 1.3 பாதுகாப்பு உறுதியாக இன்னொரு சுற்று, கோரிக்கை போய்ப் பதில் வர மூன்றாவது சுற்று. சின்னக் கோப்பாக இருந்தாலும் 450 மில்லிசெகண்ட் போய்விடும். நானூறு கோப்புக்கு 180 விநாடி, அதாவது மூன்று நிமிடம். ஒவ்வொரு கோப்புக்கும் புது ஹேண்டில் உருவாக்கி அழிக்காமல் ஒரே ஹேண்டிலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் லிப்கர்ல் பழைய இணைப்பை மூடாமல் வைத்திருக்கும். அப்போது கோப்புக்கு ஒரு சுற்றுதான். மொத்தம் 60 விநாடிக்கு வந்துவிடுகிறோம். இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்காமலே பலர் த்ரெட்டுகளுக்குத் தாவிவிடுகிறார்கள். நீங்கள் முதலில் இதைச் செய்யுங்கள். பல சமயம் அதுவே போதுமானதாக இருக்கும்.

மிச்சமிருக்கும் 60 விநாடியில் நம் ப்ராசசர் என்ன செய்கிறது? கிட்டத்தட்ட ஒன்றும் செய்யவில்லை. பதில் வரும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. பத்துக் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் அதே வேலை ஆறேழு விநாடியில் முடியும். கம்பியின் வேகத்தை நாம் கூட்டவில்லை. தனித்தனியாகக் காத்திருந்ததைச் சேர்த்துக் காத்திருக்கிறோம், அவ்வளவே.

பெரிய ஓட்டலில் தோசை மாஸ்டர் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். நீளமான கல்லில் எட்டு தோசை ஊற்றுவார். ஒன்று வேகும் வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. எதன் ஓரம் எழும்புகிறதோ அதைத் திருப்புவார், எது முறுகலாகிவிட்டதோ அதை எடுப்பார், காலியான இடத்தில் அடுத்த கரண்டி மாவை ஊற்றுவார். எட்டு தோசைக்கு எட்டு ஆள் தேவைப்படவில்லை. இந்த அத்தியாயத்தில் நாம் எழுதப்போகும் லூப் அந்த மாஸ்டரின் கண்தான்.

த்ரெட் வழியும் அதன் விலையும்

எட்டு ஆள் வைப்பதும் ஒரு வழிதான். கோப்புக்கு ஒரு த்ரெட், ஒவ்வொரு த்ரெட்டிலும் ஒரு ஈஸி ஹேண்டில். நான்கைந்து பரிமாற்றங்களுக்கு அது நியாயமான தீர்வு. அதைக் குறைசொல்ல மாட்டேன். எண்ணிக்கை ஏறும்போதுதான் விலை தெரியும். 64 பிட் லினக்ஸில் ஒரு த்ரெட்டின் ஸ்டாக்குக்கு வழக்கமாக 8 எம்பி முகவரி இடம் ஒதுக்கப்படுகிறது. நானூறு த்ரெட் என்றால் 3.2 ஜிபி. அவ்வளவும் உண்மையான மெமரியாகச் செலவாவதில்லை என்பது சரி. ஆனால் சின்ன 32 பிட் பலகை ஒன்றில் ஓடும் நிரலுக்கு அந்த முகவரி இடமே கிடைக்காது.

மெமரியைவிட எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது வேறொன்று. ஓர் அலுவலகத்துக்காகத் தினமும் காலையில் நானூறு சொச்சம் கோப்புகளை இறக்கும் நிரலைத் த்ரெட்டுகளில் எழுதிக்கொடுத்தேன். என் கணினியில் பிசகில்லாமல் ஓடியது. அங்கே போன இரண்டாம் நாள், முடிந்த கோப்புகளின் எண்ணிக்கைக்கும் வட்டில் இருந்த கோப்புகளின் எண்ணிக்கைக்கும் மூன்று நான்கு வித்தியாசம் வந்தது. எல்லாத் த்ரெட்டும் சேர்ந்து கூட்டிய ஓர் எண்ணுக்கு நான் பூட்டு போடவில்லை. ஒரு வாரம் தேடித்தான் அதைக் கண்டுபிடித்தேன். பூட்டு போட்டுச் சரிசெய்த மறுநாள், எதிர்முனை சர்வர் எங்கள் முகவரியையே தடுத்துவிட்டது. ஒரே நொடியில் நானூறு இணைப்பு வந்தால் எந்த நிர்வாகியும் அதைத் தாக்குதல் என்றுதான் நினைப்பார். அவர் செய்தது சரி. அந்த நிரலைத் திருப்பி எழுதியபோதுதான் மல்ட்டி இடைமுகத்தை ஒழுங்காகக் கற்றேன்.

மல்ட்டி ஹேண்டில்

ஸ்வீடன் நாட்டு நிரலாளர் டேனியல் ஸ்டென்பெர்க் 1998 மார்ச்சில் கர்ல் என்ற பெயரில் தன் கருவியை வெளியிட்டார். 2000-இல் அது லிப்கர்ல் என்ற நூலகமாகவும் கிடைத்தது. 2002-இல் மல்ட்டி இடைமுகம் சேர்ந்தது. அதன் அடியில் இருக்கும் யோசனை இன்னும் பழையது: பல சாக்கெட்டுகளைக் காட்டி, ‘இவற்றில் எது தயாரானாலும் என்னை எழுப்பு’ என்று இயங்குதளத்திடம் சொல்லும் செலெக்ட் என்ற அழைப்பு 1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தது.

இனி ஃபங்ஷன் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். நிரலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், நான் அடிக்கோடு போட்ட இடத்தில் அடிக்கோடு போட்டுத் தட்டுங்கள்.

நிரல் தொடங்கியதும், வேறு த்ரெட் எதுவும் கிளம்புவதற்கு முன், கர்ல்_குளோபல்_இனிட்டை ஒரு முறை அழையுங்கள். பிறகு கர்ல்_மல்ட்டி_இனிட் ஒரு மல்ட்டி ஹேண்டிலைத் தரும். அதுதான் தோசைக்கல். ஈஸி ஹேண்டில்களை வழக்கம்போல் உருவாக்கி, முகவரி முதலான எல்லாவற்றையும் அமைத்து, கர்ல்_மல்ட்டி_ஆட்_ஹேண்டில் மூலம் கல்லில் ஊற்றுகிறோம். ஊற்றிய ஹேண்டிலுக்கு கர்ல்_ஈஸி_பெர்ஃபார்மை அழைக்கக் கூடாது. இனி அது மல்ட்டியின் பொறுப்பு.

அடுத்து வரும் மூன்று ஃபங்ஷன்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கர்ல்_மல்ட்டி_பெர்ஃபார்ம், இந்தக் கணத்தில் எந்தெந்தப் பரிமாற்றத்தை எவ்வளவு நகர்த்த முடியுமோ அவ்வளவு நகர்த்திவிட்டு உடனே திரும்பும். காத்திருக்காது. இன்னும் எத்தனை ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதையும் சொல்லும். கர்ல்_மல்ட்டி_போல் காத்திருப்பதற்கு: ஏதாவது ஒரு சாக்கெட்டில் அசைவு வரும் வரை, அல்லது நாம் கொடுத்த நேரம் முடியும் வரை, நிரலைத் தூங்கவைக்கும். கர்ல்_மல்ட்டி_இன்ஃபோ_ரீட், முடிந்த பரிமாற்றங்களைப் பற்றிய செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும். தீர்ந்ததும் நல் பாயிண்டரைத் தரும்.

லூப்பின் வடிவம் இது. சி மொழிக்கு மாற்றுவது உங்களுக்கு ஐந்து நிமிட வேலை.

    உள்ளே = 0
    வரிசையிலிருந்து முதல் பத்தைச் சேர். ஒவ்வொன்றுக்கும் உள்ளே + 1
    உள்ளே > 0 ஆக இருக்கும் வரை:
        கர்ல்_மல்ட்டி_பெர்ஃபார்ம்
        கர்ல்_மல்ட்டி_இன்ஃபோ_ரீட் செய்தி தந்துகொண்டிருக்கும் வரை:
            ஹேண்டிலையும் விளைவையும் நம் மாறிகளில் எழுதிக்கொள்
            மல்ட்டியிலிருந்து நீக்கு, உள்ளே - 1
            வரிசையில் மிச்சம் இருந்தால் அடுத்ததைச் சேர். உள்ளே + 1
        உள்ளே > 0 என்றால் கர்ல்_மல்ட்டி_போல், 1000 மில்லிசெகண்ட்

‘உள்ளே’ என்று நானே ஏன் ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறேன், பெர்ஃபார்ம் தரும் எண்ணிக்கை போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பெர்ஃபார்ம் திரும்பிய கணத்தில் பத்தும் முடிந்துபோய், அது பூஜ்யம் என்று சொல்லியிருக்கலாம். அதன் பிறகுதான் நாம் செய்திகளைப் படித்து அடுத்த பத்தைச் சேர்க்கிறோம். அந்தப் பழைய பூஜ்யத்தை நம்பி லூப்பை விட்டு வெளியேறினால் புதிதாகச் சேர்த்த பத்தும் அனாதையாக நிற்கும். வேகமான உள்வலையில் சின்னக் கோப்புகளை இறக்கும்போதுதான் இந்தத் தவறு வெளிப்படும். மெதுவான இணைப்பில் பல நாள் ஒளிந்திருக்கும். சேர்க்கும்போது ஒன்று கூட்டி, நீக்கும்போது ஒன்று கழிக்கும் எண்ணுக்கு இந்தச் சந்தேகமே கிடையாது.

விளைவை எழுதிக்கொண்ட பிறகே நீக்கு என்று அந்த வரிகளைப் பிரித்து வைத்ததற்கும் காரணம் உண்டு. இன்ஃபோ_ரீட் தருவது லிப்கர்லுக்குள் இருக்கும் மெமரியைச் சுட்டும் பாயிண்டர். கர்ல்_மல்ட்டி_ரிமூவ்_ஹேண்டிலை அழைத்த மறுகணம் அந்த மெமரி நம்முடையதில்லை. நீக்கிவிட்டுப் பிறகு அந்தப் பாயிண்டர் வழியே விளைவைப் படித்தால், பல முறை சரியான எண்ணே வரும். என்றாவது ஒரு நாள் வராது. அப்படி என்றாவது மட்டும் தவறும் நிரலைப் பழுதுபார்ப்பதைவிட, தொடக்கத்திலேயே இரண்டு வரி கூடுதலாக எழுதுவது எவ்வளவோ மேல்.

இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரி நிரல்களை நகலெடுக்கும்போது கவனமாக இருங்கள். பெர்ஃபார்ம் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் திருப்பித் தரும் வரை அதைத் திரும்பத் திரும்ப அழைக்கும் உள்லூப்பு அவற்றில் இருக்கும். 2010-இல் வந்த 7.20.0 பதிப்போடு அந்தத் தேவை போய்விட்டது. செலெக்டை நேரடியாக அழைப்பவையும் உண்டு. லினக்ஸில் செலெக்டால் 1024-க்குக் குறைவான எண் கொண்ட சாக்கெட்டுகளைத்தான் கையாள முடியும். அதற்கு மேற்பட்ட எண்ணைத் திணித்தால் வரிசைக்கு வெளியே எழுதி மெமரியைக் கெடுக்கும். கர்ல்_மல்ட்டி_வெயிட் என்பது 2012-இல் வந்தது. கவனிக்கச் சாக்கெட் எதுவும் இல்லாத வேளையில் அது காத்திருக்காமல் உடனே திரும்பிவிடும். பெயர் தேடல் பின்னணியில் நடக்கும் சில கணங்களில் இப்படி நேர்ந்து, நிரல் சும்மா சுற்றிச் சுற்றி ப்ராசசர் முழுவதையும் தின்றுவிடும். 2019 செப்டம்பரில் 7.66.0 பதிப்பில் வந்த கர்ல்_மல்ட்டி_போல் அந்தக் குறையைத் தீர்த்தது. உங்கள் கணினியில் அந்தப் பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருந்தால் வேறெதையும் எண்ண வேண்டாம்.

யாருடைய மெமரி, எதுவரை

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

ஈஸி இடைமுகத்தில் எழுதும்போது ஸ்டாக் நம்மை அறியாமலே நம்மைக் காப்பாற்றுகிறது. ஒரு ஃபங்ஷனுக்குள் பஃபரை அறிவிக்கிறோம், ஹேண்டிலிடம் அதைச் சுட்டிக்காட்டுகிறோம், பெர்ஃபார்மை அழைக்கிறோம். பரிமாற்றம் முழுதும் அந்த ஃபங்ஷன் உயிரோடு இருக்கும்போதே நடந்து முடிகிறது. மல்ட்டியில் கதை வேறு. ‘இந்தக் கோப்பைச் சேர்’ என்று நாம் எழுதும் ஃபங்ஷன், ஹேண்டிலைச் சேர்த்தவுடன் திரும்பிவிடுகிறது. பரிமாற்றம் அதன் பிறகுதான் ஆரம்பிக்கவே செய்கிறது. அந்த ஃபங்ஷனின் உள்மாறிகள் இருந்த இடத்தில் இப்போது வேறு யாருடைய மாறிகளோ இருக்கும்.

முகவரி போன்ற சரங்களை லிப்கர்ல் தனக்கென்று நகல் எடுத்துக்கொள்கிறது, 2007-இல் வந்த 7.17.0 பதிப்பிலிருந்து. அதனால் பலர் எல்லாவற்றையும் அது நகலெடுக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். போஸ்ட்ஃபீல்ட்ஸ் வழியே கொடுக்கும் தரவை அது நகலெடுப்பதில்லை. நகல் வேண்டுமென்றால் காப்பிபோஸ்ட்ஃபீல்ட்ஸ் என்று தனி விருப்பம் இருக்கிறது. பிழைச்செய்தி எழுத நாம் கொடுக்கும் 256 பைட் பஃபர் நம்முடையது. கூடுதல் ஹெடர்களுக்காகக் கட்டும் சங்கிலிப் பட்டியலும் நம்முடையதே. பரிமாற்றம் முடியும் முன் அதை விடுவித்துவிட்டால், விடுவித்த மெமரியிலிருந்து லிப்கர்ல் படிக்கும்.

நான் கைக்கொள்ளும் ஒழுங்கு இது: ஒரு பரிமாற்றத்துக்கு ஒரு ஸ்ட்ரக்ட். அதில் முகவரி, கோப்பின் பெயர், திறந்த கோப்பின் பாயிண்டர், பிழைச்செய்திப் பஃபர், ஹெடர் பட்டியல், எத்தனை முறை முயன்றோம் என்ற எண், எல்லாம் இருக்கும். அதை மாலக் மூலம் ஹீப்பில் பெற்று, ஈஸி ஹேண்டிலின் ப்ரைவேட் விருப்பத்தில் அந்தப் பாயிண்டரை வைத்துவிடுவேன். லிப்கர்ல் அதைத் தொடாது. நாம் கேட்கும்போது கர்ல்_ஈஸி_கெட்இன்ஃபோ வழியே திருப்பித் தரும். இன்ஃபோ_ரீட் ஒரு ஹேண்டிலை நீட்டி ‘இது முடிந்தது’ என்னும்போது, எது முடிந்தது என்று பட்டியல் முழுக்கத் தேட வேண்டியதில்லை. ஸ்ட்ரக்ட்டை விடுவிக்கும் இடமும் நிரல் முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான்: ஹேண்டிலை மல்ட்டியிலிருந்து நீக்கிய பிறகு, பரிமாற்றம் முடிந்ததா, மறுபடி முயல வேண்டுமா என்று முடிவு செய்யும் ஃபங்ஷனில். இரண்டு இடத்தில் விடுவிக்கத் தொடங்கினால் மூன்றாவது இடம் தானாக முளைக்கும்.

கால்பேக் தூங்கக் கூடாது

தரவு வரவர லிப்கர்ல் நமது எழுதும் கால்பேக்கை அழைக்கும். ஒரு முறை தருவது வழக்கமாக அதிகபட்சம் 16 கேபி. ஒரு கோப்பு ஐம்பது துண்டாக வரலாம், நடுவில் மற்ற ஒன்பது கோப்புகளின் துண்டுகளும் கலந்து வரும். ஆகவே கால்பேக்குக்குள் ஸ்டாட்டிக் மாறியோ குளோபல் பஃபரோ இருக்கவே கூடாது. எந்தத் துண்டு எந்தக் கோப்புக்கு என்பதை ரைட்டேட்டா பாயிண்டர் சொல்லும். நமது ஸ்ட்ரக்ட்டையே அங்கேயும் கொடுத்துவிடலாம். வரும் துண்டின் கடைசியில் சர முடிவைக் குறிக்கும் பூஜ்யம் இருக்காது. ஸ்ட்ர்லென் போட்டு நீளம் பார்க்க வேண்டாம். நீளம் தனியாகவே வருகிறது. வந்த பைட் எண்ணிக்கையை அப்படியே திருப்பித் தாருங்கள். வேறு எண்ணைத் தந்தால் அந்தப் பரிமாற்றம் எழுதும் பிழையோடு நிற்கும்.

மாஸ்டர் ஒரு தோசைக்குச் சட்னி அரைக்கப் போய்விட்டால் மற்ற ஏழும் கருகும். கால்பேக்கும் அப்படித்தான். அதற்குள் அரை விநாடி தூங்கினால் எல்லாப் பரிமாற்றமும் அரை விநாடி நிற்கும். ஒவ்வொரு துண்டையும் தரவுத்தளத்தில் எழுதிப் பதில் வரும் வரை நின்றால், பத்து இணைப்பு வைத்தும் ஒரு இணைப்பின் வேகம்தான் கிடைக்கும். கோப்பில் எழுதுவது பெரும்பாலும் பரவாயில்லை. அதைவிடக் கனமான வேலை என்றால் துண்டை ஒரு வரிசையில் போட்டுவிட்டு வேறொரு த்ரெட்டிடம் ஒப்படையுங்கள். அந்தத் த்ரெட் தூங்கிக்கொண்டிருக்கும் நம் லூப்பை எழுப்ப நினைத்தால் கர்ல்_மல்ட்டி_வேக்அப்பை அழைக்கலாம். 2020 ஜனவரியில் வந்த 7.68.0 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. ஒரு மல்ட்டி ஹேண்டிலை ஒரு த்ரெட் பயன்படுத்தும்போது இன்னொரு த்ரெட் அழைக்கலாம் என்று அனுமதிக்கப்பட்டது அந்த ஒன்று மட்டுமே. கால்பேக்குக்குள் இருந்துகொண்டே மல்ட்டியில் ஹேண்டிலைச் சேர்ப்பது, நீக்குவது எதுவும் கூடாது. குறித்து வையுங்கள், லூப்புக்கு வந்ததும் செய்யுங்கள்.

நாம் எழுதாத ஓர் இடத்திலும் லூப் நின்றுபோகலாம். பெயரை ஐபி முகவரியாக மாற்றும் தேடல், பழைய முறைப்படி செய்தால், பதில் வரும் வரை எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும். லிப்கர்லைக் கட்டும்போதே அதைத் தனித் த்ரெட்டிலோ சி-ஏரஸ் நூலகம் வழியோ செய்யும்படி அமைக்கலாம். லினக்ஸ் விநியோகங்களில் கிடைப்பவை பொதுவாக அப்படி அமைந்தவையே. சந்தேகமென்றால் முனையத்தில் கர்ல் கட்டளையிடம் பதிப்பைக் கேளுங்கள். அது காட்டும் வசதிகளின் பட்டியலில் ஏசிங்க் டிஎன்எஸ் இருக்க வேண்டும். சின்னப் பலகைகளுக்கு லிப்கர்லை நீங்களே தொகுத்தால் இதைச் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

எத்தனை போதும்

என் லூப்பில் பத்து என்று எழுதினேன். அந்த எண் வேதவாக்கு இல்லை. ஒரே சர்வரிடம் போகிறோமா, பல சர்வர்களிடமா என்பதைப் பொறுத்தது அது. 1999-இல் வந்த எச்டிடிபி 1.1 தர ஆவணம் ஒரு சர்வருக்கு இரண்டு இணைப்புக்கு மேல் வேண்டாம் என்றது. 2014-இல் அதைத் திருத்தி எழுதியபோது எண்ணை எடுத்துவிட்டு, அளவோடு இருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். உலாவிகள் எச்டிடிபி 1.1-இல் ஒரு சர்வருக்குப் பெரும்பாலும் ஆறு இணைப்பு வைக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவரின் சர்வரிடம் போகும்போது நானும் ஆறைத் தாண்டுவதில்லை. அவர்கள் வேறு எண்ணைச் சொல்லியிருந்தால் அதுதான் எண்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மல்ட்டியில் சேர்த்துவிட்டு, மேக்ஸ்_டோட்டல்_கனெக்ஷன்ஸ், மேக்ஸ்_ஹோஸ்ட்_கனெக்ஷன்ஸ் விருப்பங்களால் வரம்பு வைக்கவும் முடியும். மிச்சத்தை லிப்கர்லே வரிசையில் நிறுத்திக்கொள்ளும். பல சர்வர்களிடம் போகும் நிரலுக்கு ஹோஸ்ட் வரம்பு மிகவும் உதவும். ஆனாலும் வரிசையை என் கையிலேயே வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. நானூறு ஹேண்டிலுக்கு மெமரி ஒதுக்காமல் பத்தை வைத்தே சுழற்றலாம். தோற்றதை வரிசையின் கடைசிக்கு அனுப்பலாம்.

இயங்குதளத்தின் வரம்பும் ஒன்று உண்டு. லினக்ஸில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடியவை வழக்கமாக 1024. ஐந்நூறு பரிமாற்றம் என்றால் ஐந்நூறு சாக்கெட், அவற்றை எழுத ஐந்நூறு கோப்பு. ஆயிரத்தைத் தொட்டுவிட்டோம். கோப்பை முன்கூட்டியே திறக்காமல் முதல் துண்டு வரும்போது திறப்பது நல்ல பழக்கம்.

எச்டிடிபி 2 வந்த பிறகு இந்தக் கணக்கு மாறியிருக்கிறது. 2015-இல் வந்த அந்தத் தரத்தில் ஒரே இணைப்புக்குள் பல கோரிக்கைகள் பக்கம் பக்கமாக ஓடும். 2018-இல் வந்த 7.62.0 பதிப்பிலிருந்து மல்ட்டி இடைமுகம் இதைத் தானாகவே பயன்படுத்தப் பார்க்கும். ஆனால் பத்து ஹேண்டிலை ஒரே கணத்தில் சேர்த்தால், முதல் இணைப்பு எச்டிடிபி 2 பேசுமா என்று தெரிவதற்குள் பத்து தனித்தனி இணைப்பு திறந்துவிடும். பைப்வெயிட் என்ற விருப்பத்தை ஒவ்வொரு ஈஸி ஹேண்டிலிலும் 1 என்று வையுங்கள். மற்றவை முதல் இணைப்புக்காகக் கொஞ்சம் பொறுத்திருந்து, முடிந்தால் அதிலேயே ஏறிக்கொள்ளும். ஒரே சர்வரிடம் நூறு சின்னக் கோப்பு எடுக்கும் வேலைக்கு இந்த ஒரு வரி கொடுக்கும் பலன் பெரிது.

ஆயிரக்கணக்கான இணைப்புகள் தேவைப்படும் நாள் வந்தால் பெர்ஃபார்ம் போதாது. ஒரு சாக்கெட் அசைந்தாலும் அது எல்லாப் பரிமாற்றத்தையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறது. அதற்கென்றே கர்ல்_மல்ட்டி_சாக்கெட்_ஆக்ஷன் என்ற வழி 2006 முதல் இருக்கிறது. எந்தச் சாக்கெட் அசைந்தது என்று நாமே ஈபோல், லிப்இவென்ட், லிப்யூவி போன்றவற்றால் கவனித்து, அதை மட்டும் லிப்கர்லிடம் சொல்வோம். எழுதுவது கடினம். சில நூறு வரை அதன் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

நின்றுபோனதும் தோற்றதும்

லிப்கர்லின் மொத்த நேர வரம்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டால், வரம்பே இல்லை என்பதுதான். இணைப்பு ஏற்படுவதற்கு மட்டும் 300 விநாடி வரம்பு உண்டு. பதிலுக்கு நடுவில் ஒரு சர்வர் ஊமையாகிவிட்டால் அந்த ஒரு பரிமாற்றம் காலமெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். மற்ற 399-ம் முடிந்திருக்கும். நம் லூப் முடிந்திருக்காது. மொத்த நேர வரம்பு வைத்தால் பெரிய கோப்பு நியாயமாக மெதுவாக வரும்போதும் வெட்டிவிடும். அதனால் நான் வைப்பது வேக வரம்பு: லோ_ஸ்பீட்_லிமிட் 100, லோ_ஸ்பீட்_டைம் 30. அதாவது முப்பது விநாடி தொடர்ந்து விநாடிக்கு நூறு பைட்டுக்குக் கீழே வேகம் இருந்தால் கைவிடு. இணைப்பு நேரத்தைப் பத்து விநாடியாகக் குறைத்துவிடுவேன்.

விளைவு வெற்றி என்று வந்தாலே கோப்பு கையில் இருக்கிறது என்று நம்பாதீர்கள். சர்வர் 404 சொன்னாலும் லிப்கர்லைப் பொறுத்தவரை பரிமாற்றம் வெற்றிதான். கேட்டது போயிற்று, பதில் வந்தது. ரெஸ்பான்ஸ்_கோடைக் கேட்டு, 200 என்றால் மட்டும் கோப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். தற்காலிகப் பெயரில் எழுதி, எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு ரீநேம் செய்தால், ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்ற பக்கம் உங்கள் தரவுக் கோப்பின் பெயரில் உட்கார்ந்திருக்காது.

திரும்ப முயல்வதிலும் நிதானம் வேண்டும். 404-ஐ மறுபடி கேட்டுப் பயனில்லை. இணைப்பு அறுந்தது, நேரம் கடந்தது, 503 வந்தது என்றால் மறுபடி கேட்கலாம். ஆனால் லூப்புக்குள் ஸ்லீப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. எப்போது மறுபடி முயல வேண்டும் என்ற நேரத்தை ஸ்ட்ரக்ட்டில் எழுதி, காத்திருப்போர் பட்டியலில் வையுங்கள். லூப் ஒவ்வொரு முறை எழும்போதும் நேரம் ஆனவற்றைச் சேர்க்கட்டும். அப்படிச் செய்தால் லூப் முடியும் நிபந்தனையில் அந்தப் பட்டியலும் காலியாக இருக்க வேண்டும் என்பதைச் சேருங்கள். பட்டியல் காலியாகாத வரை, ‘உள்ளே’ பூஜ்யமானாலும் கர்ல்_மல்ட்டி_போலை அழையுங்கள். முதல் முயற்சிக்குப் பின் இரண்டு விநாடி, பிறகு நான்கு, பிறகு எட்டு. எத்தனை விநாடி கழித்து வா என்று சர்வரே சொல்லியிருந்தால் ரிட்ரை_ஆஃப்டர் தகவலில் அது கிடைக்கும், அதை மதியுங்கள். மறுபடி சேர்ப்பதற்கு முன் பாதியில் நின்ற கோப்பை வெறுமையாக்க மறந்துவிட வேண்டாம். மறந்தால் பழைய பாதிக்குப் பின்னால் புதிய முழுமை ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் ஹேண்டில்களை மல்ட்டியிலிருந்து நீக்கி, ஒவ்வொன்றுக்கும் கர்ல்_ஈஸி_க்ளீன்அப், பிறகு கர்ல்_மல்ட்டி_க்ளீன்அப், கடைசியாக கர்ல்_குளோபல்_க்ளீன்அப்.

சோதனை

நல்ல வலையில் நன்றாக ஓடியது என்பது சோதனை ஆகாது. மூன்று சோதனைகளை நான் எப்போதும் செய்வேன். வால்கிரிண்ட் கருவியின் கீழ் நிரலை ஓட்டுவது முதலாவது. மெமரி யாருடையது என்று மேலே சொன்ன தவறுகள் பெரும்பாலும் அதில் அகப்பட்டுவிடும். இரண்டாவது, பாதி ஓட்டத்தில் வலைக் கம்பியைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் செருகுவது. எத்தனை கோப்பு வந்தது என்று நிரல் சொல்வதும் வட்டில் இருப்பதும் அதன் பிறகும் ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் கணினியிலேயே நெட்கேட் கருவியை ஒரு போர்ட்டில் கேட்கவிடுங்கள். அது இணைப்பை ஏற்றுக்கொள்ளும். பதில் ஒரு எழுத்துகூடச் சொல்லாது. அந்த முகவரியை, டிஎல்எஸ் இல்லாத வெறும் எச்டிடிபியாக, நானூறு முகவரிகளுக்கு நடுவில் எங்காவது செருகி நிரலை ஓட்டுங்கள். ஒரு கையில் கடிகாரத்தையும் இன்னொரு முனையத்தில் டாப் கட்டளையையும் பார்த்துக்கொண்டிருங்கள். மற்றவை எல்லாம் தடையின்றி இறங்க வேண்டும். ப்ராசசர் பயன்பாடு பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். முப்பதாவது விநாடிக்குச் சற்றுப் பின், அந்த ஒரு முகவரிக்கான முதல் முயற்சியை மட்டும் கைவிட்டதாக உங்கள் நிரல் சொல்ல வேண்டும்.